ஒரு தரம் மட்டும் கேட்கும் நாடு

இந்த நாட்டில் கேக் தட்டு மேசையைச் சுற்றி வட்டமாக வரும். ஒரு முனையில் புறப்பட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கணம் தங்கி, அடுத்தவருக்குப் போகும். நான் வந்த முதல் வாரம் என் முறை வந்தபோது பக்கத்திலிருந்த பெண் தட்டை என் பக்கம் நீட்டி, வேண்டுமா என்று கேட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் புவியியல் படிப்பித்தவன். நாலு பேர் நடுவில் எப்படி நடப்பது என்று தெரிந்தவன். "நை தக்" என்றேன். வேண்டாம், நன்றி. டெனிஷ் மொழியில் நான் பிழையில்லாமல் உச்சரிக்கப் பழகிய முதல் இரண்டு சொற்கள் அவை. அவள் தலையசைத்துவிட்டுத் தட்டை எனக்கு மேலாக அடுத்தவனிடம் கொடுத்தாள். நான் காத்திருந்தேன். தட்டு முழு வட்டம் அடித்து, வெறுமையாகி, குசினிக்குள் போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டு வயதில் ஒருவன் மறுபடி மாணவனான கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், வயல்களுக்கு நடுவே ஒரு ஹொய்ஸ்கோலெ இருக்கிறது. வளர்ந்தவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இங்கே அப்படிப் பெயர். அங்கே வெளிநாட்டு ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வருடம் படிக்க இடமிருக்கிறது என்று அறிந்து விண்ணப்பித்தேன். எண்பத்தைந்து ஓகஸ்டில் ஒரு சூட்கேசுடன் வந்து இறங்கினேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை இல்லை. சான்றிதழும் இல்லை. காலையில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள், பிறகு ஒரு விரிவுரை, பிறகு களிமண் பிசைகிறார்கள், விவாதிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், மறுபடி பாடுகிறார்கள். காதைத் திருகியே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிய ஓர் ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை ஒரு நீதிபதியும் யோசித்திருக்க முடியாது. ஊரில் பஸ் கண்டக்டர்கூட என்னை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். இங்கே என் மாணவர்களின் வயதொத்த பிள்ளைகள் என் பெயரைச் சொல்லி, அதையும் பாதியில் முறித்து, "ஏய்" என்று கையசைக்கிறார்கள். இந்தப் பகுதியான மேற்கு யூட்லாந்தின் காற்றைப் பற்றி நான் பதினெட்டு வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுப் படிப்பித்திருக்கிறேன். அந்தக் காற்று சைக்கிளோடு என்னையும் தூக்கி வாய்க்காலில் போட்ட அன்றுதான் எவ்வளவு பிழையாகப் படிப்பித்தேன் என்று விளங்கியது.

கேக்குக்குத் திரும்புகிறேன். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் போன்றது. உள்ளே வருவதற்கான ஆயத்தம். இரண்டாவது 'வேண்டாம்' நாங்கள் நல்ல இடத்தில் வளர்ந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி. மூன்றாம் தரம் கேட்டால் எடுத்துவிடலாம். அப்போதும் எடுக்காவிட்டால்தான் வீட்டுக்காரர் முகம் சுருங்கும். மனோவைப் பெண் பார்க்கப் போன அன்றும் இந்த ஒழுங்கு தப்பவில்லை. மனோ பிளேன்ரீத் தட்டோடு வந்து நின்றாள். "இல்லை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்றேன். சுத்தப் பொய், காலையிலிருந்து பதற்றத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. "ஒரு வாய் குடியுங்கோ தம்பி" என்றார், பின்னாளில் எனக்கு மாமியான அவளுடைய அம்மா. "வேண்டாம், பரவாயில்லை" என்றேன். மூன்றாவது அழைப்பு மாமியிடமிருந்து வரும் என்று நான் நிமிர்ந்து பார்க்க, மனோவே வாயைத் திறந்தாள்.

"தட்டைப் பிடிச்சுக் கை நோகுது. எடுங்கோ."

அறை முழுக்கச் சிரித்தது. நான் எடுத்தேன். அன்றே முடிவும் எடுத்துவிட்டேன். ஆனால் அவள் பக்கத்து முடிவு அவ்வளவு சுலபமாக வரவில்லை. "முதல் நாள் கேட்டன், வேண்டாம் எண்டாள். ரெண்டாம் நாளும் வேண்டாம் எண்டாள். மூண்டாம் நாள் கேட்க, கூட்டின முற்றத்தைத் திரும்பக் கூட்டப் போயிட்டாள். அப்ப சரி எண்டு நாங்கள் தாலிக்குப் பொன்னுருக்க நாள் பாத்திட்டம்" என்று மாமி இன்றைக்கும் சொல்லுவார். பதின்மூன்று வருட இல்வாழ்க்கையில் சேலையோ, சினிமாவோ, கீரிமலைப் பயணமோ, எதற்கும் மனோ முதல் தரத்திலேயே ஓம் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர. இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்த அன்று, அதை அவள் கையில் கொடுத்து, "போகட்டோ?" என்று கேட்டேன். "போங்கோ" என்றாள். உடனே. அரிசி அரித்துக்கொண்டிருந்த கையை எடுக்காமலே. நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாளோ என்று பயம். கட்டுநாயக்காவிலிருந்து கொப்பன்ஹேகன் வரைக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்தபோது எனக்குள் ஒரு கேள்வி முற்றிவிட்டிருந்தது. ஊரில் பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களைவிட மூடியிருக்கும் நாட்கள் கூடிவிட்டதாகக் கடிதங்கள் சொல்லின; எங்கள் மகள் வாணி, ஒன்பது வயது, ஹெலிகொப்டரின் சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லக் கற்றுவிட்டாளாம். இங்கேயோ, விண்ணப்பித்தால் நான் தொடர்ந்து தங்கலாம், குடும்பத்தையும் கூப்பிடலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வேனிலுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மனோ வருவாளா, அல்லது நான் திரும்ப வேண்டுமா? கேள்வி ஒரு வரிதான். அதைக் கடிதத்தில் கேட்க முடியாது. என் கடிதங்களை வாணி உரத்து வாசிப்பாள், மாமி கேட்பார், வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு கேட்கும், அடுத்த நாள் சங்கக்கடை வரிசையில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். அத்தனை பேருக்கு முன்னால் மனோ என்ன பதில் சொல்லுவாள்? அவள் குரலில், அவளிடம் மட்டும் கேட்க வேண்டும். அதற்கு ரெலிபோன் வேண்டும். உன் குரலைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். மனோவே வழி கண்டுபிடித்து எழுதினாள்: சந்தியில் அப்போதிக்கரி ஐயாவின் டிஸ்பென்சரியில் ரெலிபோன் இருக்கிறது, கார்த்திகை முதல் ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை நானும் பிள்ளையும் அங்கே இருப்போம், எடுங்கோ. கடிதம் என் கைக்கு வந்தபோது அந்த ஞாயிற்றுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அங்கே நாலு மணி என்றால் இங்கே காலை பதினொன்றரை. புவியியல் ஆசிரியனுக்கு அது மனக்கணக்கு. பள்ளிக்கூட நடையிலிருந்த ரெலிபோன் உள்ளூருக்கு மட்டும், அலுவலகம் ஞாயிறில் பூட்டு, தபாற்கந்தோரும் பூட்டு. ஆனால் அதே ஞாயிறு எங்கள் டெனிஷ் ஆசிரியை இங்கர் தன் வீட்டுக்குக் கோப்பி குடிக்க அழைத்திருந்தார். அவர் கணவர் எரிக் பன்றி வளர்த்து ஓய்வுபெற்ற கமக்காரர். ஒரு வசனம் பேசினால் அடுத்த வசனத்துக்கு அரை மணி நேரம் எடுப்பவர். யன்னலோரத்தில், மெழுகுதிரிகளுக்கும் ஜெரேனியம் சட்டிக்கும் இடையில், சாம்பல் நிறத்தில் ஒரு ரெலிபோன் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு முயன்றேனோ அவ்வளவுக்கு அதையே பார்த்திருக்க வேண்டும். பதினொன்று இருபதுக்கு எரிக் தன் அன்றைய முதல் வசனத்தைச் சொன்னார்.

"நீங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுக்க விரும்புகிறீர்களா?"

வாசகரே, நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். கடல் கடந்த அழைப்பு, பிறத்தியார் வீடு, முதல் தரம் வந்த விருந்தாளி. என் அப்பாவும் அவருடைய அப்பாவும் என் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். "நை தக்" என்றேன், சிரித்த முகத்தோடு. எரிக் தலையசைத்தார். எல்லாம் முடிந்தது. பதினொன்றரை ஆனது. இங்கர் கோப்பி ஊற்றினார். எரிக் பன்றிகளின் நோய் ஒன்றைப் பற்றி இரண்டாவது வசனத்தைச் சொன்னார். பன்னிரண்டு ஆனது. நான் ரெலிபோனைப் புகழ்ந்து பார்த்தேன்: நல்ல நிறம் என்றேன். ஓம், நல்ல நிறம் என்றார் இங்கர். பன்னிரண்டரைக்குக் கோப்பையைக் கீழே வைத்து, நன்றி சொல்லி, கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டிஸ்பென்சரியின் பலகைக் கதவுகளை அப்போதிக்கரி ஐயா ஒவ்வொன்றாகப் பொருத்தும் நேரம் அது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பழக்கம். மழை தூறிய அந்த யூட்லாந்து ரோட்டில் அதை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மூன்று கிழமை கழித்து மனோவின் கடிதம் வந்தது. கோபமாக எழுதியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். வாணிக்குப் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப்போனதாகவும், ரெலிபோன் இரண்டு தரம் அடித்ததாகவும், இரண்டும் மருந்து கேட்ட ஆட்கள் என்றும், ஐந்தேகால் வரைக்கும் ஐயா கதவு பூட்டாமல் வைத்திருந்ததாகவும் எழுதியிருந்தாள். "லைன் கிடைச்சிராது எண்டு ஐயா சொன்னார். நானும் அப்பிடித்தான் நினைச்சன். நீங்கள் அங்க எவ்வளவு அந்தரப்பட்டிருப்பீங்கள்." அந்தக் கடைசி வரியை நான் இன்றுவரை இரண்டாம் முறை வாசிக்கவில்லை.

இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஹொல்ஸ்டெப்ரோவில் மன்னாரிலிருந்து வந்த ஜோர்ஜ் என்ற தம்பி இருந்தான். அகதியாக வந்து, விண்ணப்பத்துக்குப் பதில் வரக் காத்துக்கொண்டு, அதுவரைக்கும் ஒரு விடுதியில் ஒன்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தவன். அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க நான் கதையைச் சொன்னேன். கத்தி நின்றது.

"மாஸ்டர், அக்கா அங்க பிள்ளையோட டிஸ்பென்சரி வாங்கில இருக்க, நீங்கள் இஞ்ச மரியாதை காட்டிக்கொண்டு இருந்தனீங்களோ?"

"அந்தாள் இன்னொருக்காக் கேட்கும் எண்டு நினைச்சன், தம்பி."

"இவங்களோ? இவங்கள் ஒருத்தனைக் கிணத்துக்க கண்டாலும் ஒருக்காத்தான் கேப்பாங்கள், தூக்கிவிடட்டோ எண்டு. வேண்டாம் எண்டால், அது உங்கடை உரிமை எண்டு போயிடுவாங்கள்." அவன் வெங்காயத்தோடு சேர்த்துச் சிரித்தான், கண்ணைத் துடைத்தான். "நான் பத்தாம் வகுப்பு பெயில். வந்த முதல் நாள் வேண்டாம் எண்டன், பட்டினி. ரெண்டாம் நாளும் பட்டினி. மூண்டாம் நாள் சாப்பாடு போடுற மனுசி வாயைத் திறக்க முந்தியே 'யா' எண்டிட்டன். நீங்கள் படிச்ச ஆள், உங்களுக்கு மூண்டு மாசம் செல்லுது. போங்கோ, போய் அந்த ரீச்சரிட்டை நேரச் சொல்லுங்கோ. ரெண்டு வாய் சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"வேண்டாம் தம்பி, பசி இல்லை" என்றேன்.

"பாத்தீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கேட்காமலே தட்டில் சோற்றைப் போட்டான். அந்தச் சோறு தொண்டையில் இறங்கிய சுகத்தை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இங்கேயே நின்றுவிடுவேன்.

இங்கரிடம் சொன்னேன். என் டெனிஷ் போதாத இடத்தில் ஆங்கிலமும், ஆங்கிலம் போதாத இடத்தில் கையும் உதவின. அவர் முகம் வெளுத்துப்போனது. "ஆனால் நீங்கள் வேண்டாம் என்றீர்களே!" என்றார். ஓம், நீங்கள் ஒரு தரம்தானே கேட்டீர்கள் என்றேன். "உங்களை வற்புறுத்தக் கூடாது என்றல்லவா எரிக் பேசாமல் இருந்தார். நீங்கள் போன பிறகு, மனிதர் வீட்டாரோடு ஏதும் மனத்தாங்கலோ என்றுகூடக் கவலைப்பட்டோம்." ஒரே மேசையில் மூன்று பேர் ஒருவரை ஒருவர் அவமதிக்காமல் இருக்க ஒரு மணி நேரம் பாடுபட்டிருக்கிறோம். எத்தனை தரம் கேட்க வேண்டும் என்று இங்கர் கேட்டார். மூன்று என்றேன். அவர் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டார், டெனிஷ்காரருக்கே உரிய பொறுப்போடு.

மறுபடி நாள் குறிக்கக் கடிதங்கள் போய்வந்ததில் மாசி மாதம் ஆகிவிட்டது. பனி முழங்கால் அளவு கிடந்த ஒரு ஞாயிறு. இங்கர் கதவைத் திறந்ததும் கோட்டைக் கழற்றுகிறீர்களா என்று கேட்டார். "யா தக்" என்றேன், ஜோர்ஜிடம் கற்ற வேகத்தில். ஓம், நன்றி. அவர் ஒரு விரலை மடக்கினார். கோட்டைக் கழற்றுகிறீர்களா? கழற்றிக்கொண்டே ஓம் என்றேன். இரண்டாவது விரல். என் கோட்டு அவர் கையில் இருக்கும்போதே மூன்றாம் தரமும் கேட்டு முடித்தார். கோப்பிக்கு மூன்று தரம், சீனிக்கு மூன்று தரம், கேக்குக்கு மூன்று தரம். எரிக் தன் பங்குக்கு, "ரெலிபோன்?" என்று மூன்று தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் கண்ணியமான இடைவெளி விட்டுக் கேட்டார். அவர் வாழ்நாளில் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியிருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏனோ மூக்குத்தான் முதலில் நனைந்தது.

ஒப்பரேற்றர் கொழும்பைப் பிடித்து, கொழும்பு யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க அடுத்த முனையில் கடல் இரைவது போலொரு சத்தம் வந்தது. அதற்குள்ளிருந்து வாணி.

"அப்பா! அங்க ரோட்டில உண்மையாவே ஐஸ் கிடக்குதோ?"

"ஓம் அம்மாச்சி, குவிஞ்சு கிடக்குது."

"திண்டு பாத்தீங்களோ?"

திண்டு பார்த்தேன் என்றேன். அதில் பொய் இல்லை. பிறகு மனோ. நான் சொல்வது அவளிடம் போய்ச் சேரவும் அவள் சொல்வது திரும்பி வரவும் ஒரு மூச்சு நேரம் எடுத்தது. ஒருவர் சொல்லின் வாலை மற்றவர் மிதித்துக்கொண்டே பேசினோம்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"பொய் சொல்லாதேங்கோ. குரலே மெலிஞ்சு போச்சு."

"மனோ, ஒண்டு கேக்கோணும். ஆரும் பக்கத்தில நிக்கினமோ?"

"ஐயா மருந்து கட்டுறார். சொல்லுங்கோ."

"நீயும் பிள்ளையும் இஞ்ச வாறீங்களோ? இஞ்சையே இருக்கலாம். நான் எழுதிக் குடுத்தால் விடுவினம்."

கடல் இரைந்தது. ஒரு மூச்சு போனது. இன்னொரு மூச்சு.

"வேண்டாம்" என்றாள்.

நான் ஆறு மாதமாக ஒரு புதிய பாடத்தைக் கஷ்டப்பட்டுப் படித்தவன். கேக், கோப்பி, கோட்டு எல்லாவற்றாலும் அடிபட்டுத் தேறியவன். வேண்டாம் என்றால் வேண்டாம். மனிதரை வற்புறுத்தக் கூடாது. அது அவரவர் உரிமை. என் வாயிலிருந்து, எரிக்கின் தலையசைப்பு மாதிரி, ஒரு சொல் தானாக விழுந்தது.

"சரி."

மறுமுனையில் அது போய்ச் சேர எடுத்த நேரத்துக்குள் நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கிவிட்டது. "சரியோ?" என்று மனோவின் குரல் வந்தது. சின்னக் குரல். தட்டோடு வந்து நின்ற அன்றுகூட அவ்வளவு சின்னக் குரலில் அவள் கதைக்கவில்லை. "மனோ, பொறு" என்று நான் கத்த, லைன் அறுந்தது. ஒப்பரேற்றர் ஐந்து தரம் முயன்றார். இந்த முறை உண்மையாகவே லைன் கிடைக்கவில்லை.

உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று இங்கர் கேட்டார். வேண்டாம் என்றாள் என்றேன். எரிக் மெல்லத் தலையசைத்தார். அவருக்கு அது முடிந்த விஷயம். இங்கர் தலையசைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, எத்தனை தரம் கேட்டீர்கள் என்றார். நான் ஒரு விரலைக் காட்டினேன். அவர் எழுந்துபோய் எழுதுகிற மேசையிலிருந்து இரண்டு நீல ஏரோகிராம்களை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

முதல் கடிதம் மறுநாளே போய்விட்டது. வாணி உரத்து வாசிக்கட்டும், மாமி கேட்கட்டும், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று எழுதினேன்: மனோ, இரண்டாம் தரம் கேட்கிறேன், இஞ்ச வாறியோ? இரண்டாவதையும் அதே இரவிலேயே எழுதி ஒட்டி, பத்து நாளாகக் கோட்டின் உள்பையில் கொண்டு திரிகிறேன். மூன்றாவது அழைப்பு இரண்டாவதோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்று சாட்டுச் சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. அவளுடைய வேண்டாம் எந்த வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் முந்தி என்றால் தெரிந்திருக்கும். மாமியையும் முற்றத்தையும் கிணற்றையும் விட்டு வரமாட்டேன் என்று அவள் உண்மையாகவே சொல்லியிருந்தால், நான் இன்னும் இரண்டு தரம் கேட்பது அவள் கையைப் பிடித்து இழுப்பதாகாதா? பாருங்கள், இப்படி யோசிக்கவும் இங்கேதான் பழகினேன். ஊரில் இருக்கும் மனிதன் இந்நேரம் மூன்றாம் தரம் கேட்டுமுடித்து, நாளும் பார்த்திருப்பான்.

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் இருக்கும் சிவப்புத் தபாற்பெட்டியடிக்குப் போனேன். கடிதத்தைப் பாதி உள்ளே விட்டேன். பாதி என் கையில். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, பின்னால் ஒரு மூதாட்டி தன் கடிதத்தோடும் நாயோடும் காத்திருந்திருக்கிறார். "போடப் போகிறீர்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு தரம்தான். நான் அவரைப் பார்த்தேன்; அவர் பொறுமையாக, இனிப் பேசும் எண்ணமில்லாமல், பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யா" என்றேன். கடிதத்தை விட்டுவிட்டேன். கை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பெட்டியின் வாய்க்குள்ளேயே இருந்தது.